இலவசக் கணக்கில் பாதி பொத்தான்கள் ஏன் வேலை செய்வதில்லை?

பினாங்கில் படிவம் மூன்று படிக்கும் ஒரு மாணவன் ஸ்டீம் என்ற விளையாட்டுத் தளத்தில் புதுக் கணக்குத் திறந்து, இலவச விளையாட்டு ஒன்றை இறக்கிக்கொள்கிறான். கிள்ளானில் இருக்கும் மாமா மகனோடு சேர்ந்து ஆட வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆனால் அவனுக்கு நண்பர் அழைப்பு அனுப்ப முடியவில்லை. விளையாட்டு ஓடுகிறது, இணையம் நன்றாக இருக்கிறது, அழைப்பு மட்டும் போக மறுக்கிறது. வீட்டில் மூன்று விதமாகச் சொல்வார்கள்: கணக்கைத் தடை செய்துவிட்டார்கள், கணினியில் கோளாறு, இல்லையென்றால் காசு பிடுங்கப் பார்க்கிறார்கள்.

முதல் இரண்டும் தவறு. மூன்றாவதில் உண்மை இருக்கிறது, ஆனால் முழு உண்மை இல்லை. இலவசக் கணக்குகளுக்குப் போடப்படும் பூட்டுகளில் சில விற்பனைக்காகப் போடப்படுபவை, சில மற்ற ஆட்டக்காரர்களைக் காப்பாற்றப் போடப்படுபவை, பல இரண்டும் கலந்தவை. எந்தப் பூட்டு எந்த வகை என்று தெரிந்துகொண்டால், எங்கே பணம் கட்டலாம், எங்கே காத்திருந்தால் போதும், எங்கே பணம் கட்டியும் பயனில்லை என்பது தெளிவாகும்.

முதலில் அடிப்படை

எல்லாவற்றையும் ‘இலவசம்’ என்றே சொல்கிறோம். உள்ளே மூன்று வேறு வகைகள் இருக்கின்றன.

1. முழு இலவச விளையாட்டு. டோட்டா 2, வாலரண்ட், மொபைல் லெஜண்ட்ஸ் போன்றவை. ஆட்டத்துக்குக் கட்டணம் இல்லை. உடை, தோற்றம், பேட்டில் பாஸ் (ஆட ஆடப் பரிசுகளைத் திறந்து தரும் கட்டணச் சீட்டு) ஆகியவற்றை விற்று நிறுவனம் சம்பாதிக்கிறது.

2. சோதனைக் கணக்கு. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், ஃபைனல் ஃபேன்டஸி 14 போன்ற மாதச் சந்தா விளையாட்டுகளில் ஒரு பகுதியை மட்டும் இலவசமாகத் திறந்து வைத்திருப்பார்கள். இப்போது இவற்றில் கால வரம்பு இல்லை, எத்தனை மாதமும் ஆடலாம். ஆனால் வசதிகளுக்கு வரம்பு உண்டு.

3. தளக் கணக்கு. ஸ்டீம், பிளேஸ்டேஷன் போன்றவை விளையாட்டுகள் அல்ல, விளையாட்டுகளை விற்கும் தளங்கள். தளத்துக்கு ஒரு பூட்டு, விளையாட்டுக்கு ஒரு பூட்டு என இரண்டும் தனித்தனியாக இருக்கும்.

இந்த மூன்றாவது வகையில்தான் குழப்பம் அதிகம். பிளேஸ்டேஷனில் காசு கொடுத்து வாங்கிய பெரும்பாலான விளையாட்டுகளை இணையத்தில் மற்றவரோடு ஆட பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா வேண்டும்; ஃபோர்ட்நைட் போன்ற இலவச விளையாட்டுக்கு அந்தச் சந்தா வேண்டாம். பையன் எதை ஆடப் போகிறான் என்று கேட்காமல் சந்தா கட்டுகிற பெற்றோர் தவறான கதவுக்குச் சாவி வாங்கியவர்களாகிவிடுகிறார்கள்.

இன்னொன்று. இந்தப் பூட்டு உங்கள் கைப்பேசியிலோ கணினியிலோ இல்லை, நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. நீங்கள் பொத்தானை அழுத்தும்போது ‘இந்தக் கணக்குக்கு அனுமதி உண்டா?’ என்று சர்வர்தான் சரிபார்க்கிறது. அதனால் விளையாட்டை நீக்கிவிட்டு மறுபடி இறக்கினாலும், புதுக் கைப்பேசி வாங்கினாலும் எதுவும் மாறாது. ‘எல்லாவற்றையும் திறந்து தருகிறோம்’ என்று விளம்பரம் செய்யும் செயலிகளால் இந்தப் பூட்டைத் தொடவே முடியாது. அவை பெரும்பாலும் உங்கள் கடவுச்சொல்லைத் திருடத்தான் வருகின்றன.

எதையெல்லாம் பூட்டுகிறார்கள்

பெயர்கள் விளையாட்டுக்கு விளையாட்டு மாறினாலும் பூட்டப்படும் இடங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

1. பேச்சு. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் தொடக்கக் கணக்கால் பொது அரட்டையில் பேச முடியாது. முன்பின் தெரியாதவருக்குத் தானாகத் தனிச்செய்தி அனுப்பவும் முடியாது. ஃபைனல் ஃபேன்டஸி 14 சோதனைக் கணக்கில் பக்கத்தில் நிற்பவரிடம் பேசலாம், உரக்கக் கூவ முடியாது, தனிச்செய்தி அனுப்ப முடியாது.

2. கொடுக்கல் வாங்கல். இரண்டிலும் மற்ற ஆட்டக்காரரோடு பொருளைக் கைமாற்ற முடியாது, விளையாட்டுக்குள் இருக்கும் சந்தையைப் பயன்படுத்த முடியாது. ஸ்டீமின் சமூகச் சந்தையும் வரம்புக்குட்பட்ட கணக்குக்கு, அதாவது 5 அமெரிக்க டாலர்கூடச் செலவழிக்காத கணக்குக்கு, மூடியே இருக்கும்.

3. கூட்டம் சேர்வது. கில்டு எனப்படும் நிரந்தரக் குழுக்களில் சேர முடியாது. ஃபைனல் ஃபேன்டஸியில் மற்றவர் அமைத்த குழுவுக்குள் போகலாம், தானே அமைக்க முடியாது. ஸ்டீமில் நண்பர் அழைப்பை ஏற்கலாம், அனுப்ப முடியாது. பினாங்கு மாணவன் சிக்கியது இங்கேதான். கிள்ளானில் இருப்பவனின் கணக்கில் வரம்பு இல்லையென்றால் அவனை அழைப்பு அனுப்பச் சொன்னால் போதும், வேலை முடிந்தது. காசே வேண்டாம்.

4. ரேங்க் ஆட்டம். வெற்றி தோல்வி தரவரிசையில் பதிவாகும் ஆட்டம் இது. வாலரண்டில் கணக்கு லெவல் 20 ஆக வேண்டும், மொபைல் லெஜண்ட்ஸில் லெவல் 8. டோட்டா 2-இல் 100 மணி நேரம் ஆடியிருக்க வேண்டும், தொலைபேசி எண்ணும் இணைத்திருக்க வேண்டும்.

5. உச்சவரம்பு. வார்கிராஃப்டில் லெவல் 20, விளையாட்டுப் பணமான தங்கம் 1,000. ஃபைனல் ஃபேன்டஸியில் 2023 முதல் லெவல் 70 வரை தாராளமாக விட்டிருக்கிறார்கள், ஆனால் கையிருப்பு 3 லட்சம் கில்லை (அந்த விளையாட்டின் பணம்) தாண்டாது.

லெவலில் அவ்வளவு தாராளம், பணத்தில் இவ்வளவு இறுக்கம். ஏன் என்பதற்கான பதில்தான் இந்த விஷயத்தின் மையம்.

தூக்கி எறியக்கூடிய கணக்கு

இலவசக் கணக்கைத் திறக்கச் செலவு எதுவும் இல்லை. அப்படியானால் அதை இழப்பதாலும் நட்டம் இல்லை. ஏமாற்றுகிறவனைத் தடை செய்தால் ஐந்து நிமிடத்தில் வேறு மின்னஞ்சலில் திரும்பி வருவான். தண்டனை என்று ஒன்று இருந்தும் அது யாரையும் தொடுவதில்லை. இதை நான்கு வகை ஆட்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள்: மென்பொருளை வைத்து ஏமாற்றுகிறவர்கள், திறமை அதிகமாக இருந்தும் புதுக் கணக்கில் வந்து கற்றுக்குட்டிகளை அடித்து மகிழும் ‘ஸ்மர்ஃப்’ ஆட்டக்காரர்கள், மனிதர் இல்லாமல் நிரல் ஆடும் ‘பாட்’ கணக்குகளை நூற்றுக்கணக்கில் ஓட்டி விளையாட்டுப் பணத்தை நிஜப் பணத்துக்கு விற்பவர்கள், பொய் இணைப்பை அனுப்பி மற்றவர் கணக்கைத் திருடுகிறவர்கள்.

இப்போது மேலே உள்ள பட்டியலை மறுபடி பாருங்கள். பேச்சுப் பூட்டு திருடனின் இணைப்பையும் தங்க விற்பனை விளம்பரத்தையும் நிறுத்துகிறது. கொடுக்கல் வாங்கல் பூட்டும் பண உச்சவரம்பும் பாட் சேர்த்த பணத்தைக் கைமாற விடாமல் தடுக்கின்றன. ரேங்க் பூட்டு ஸ்மர்ஃபையும் ஏமாற்றுக்காரனையும் வாசலில் நிறுத்துகிறது. லெவல் உயர்ந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை, கையில் பணம் குவிந்து நகர ஆரம்பித்தால்தான் கெடுதல். அதனால்தான் அந்த 3 லட்சம்.

ஸ்டீம் 2015-இல் இந்த வரம்பைக் கொண்டுவந்தபோது அதை நடத்தும் வால்வ் சொன்ன காரணமும் இதுவே: மோசடிக்காரர்கள் பெரும்பாலும் ஒரு காசும் செலவழிக்காத கணக்குகளிலிருந்துதான் வேலை செய்கிறார்கள். வரம்பை நீக்கச் செலவழிக்க வேண்டிய அந்த 5 அமெரிக்க டாலரை வாடகை வீட்டுக்கு நாம் கட்டும் வைப்புத்தொகை போலப் பார்க்கலாம். ஒழுங்காக இருப்பவருக்கு அது ஒருமுறைச் செலவு. ஆயிரம் கணக்கு திறந்து ஆயிரமும் தடைபடுகிறவனுக்கு அது 5,000 டாலர்.

ரூன்ஸ்கேப் கற்ற பாடம்

பூட்டு கைமீறிப் போனால் என்ன ஆகும் என்பதற்கு ரூன்ஸ்கேப்பின் கதையை விடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பிரிட்டனின் ஜேகெக்ஸ் நிறுவனம் நடத்தும் இந்த விளையாட்டில் 2002 முதலே இலவச உலகம், சந்தா உலகம் என்ற இரண்டு பிரிவு உண்டு. 2007 வாக்கில் தங்கம் விற்பவர்கள் திருட்டுக் கடன் அட்டைகளால் சந்தா கட்டி வந்தார்கள். அட்டையின் சொந்தக்காரர் புகார் செய்ததும் வங்கி பணத்தைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும், நட்டம் நிறுவனத்தின் தலையில் விழும். சந்தா என்ற வைப்புத்தொகையே இங்கே பலிக்கவில்லை, ஏனென்றால் கட்டியது வேறொருவரின் பணம்.

ஜேகெக்ஸ் கடுமையாக இறங்கியது. 2007 டிசம்பரிலும் 2008 ஜனவரியிலும் கட்டற்ற கொடுக்கல் வாங்கலை எல்லோருக்கும் நிறுத்தியது. இரண்டு பேர் பரிமாறும் பொருள்களின் மதிப்பு ஏறத்தாழ சமமாக இருந்தால்தான் பரிமாற்றம் நடக்கும். தங்க வியாபாரம் முடங்கியது உண்மை. கூடவே, புதிதாக வந்த தம்பிக்கு அண்ணன் ஒரு நல்ல வாளைப் பரிசாகக் கொடுக்கும் வழக்கமும் முடங்கியது. ஆட்டக்காரர்களின் கோபம் மூன்று ஆண்டு அடங்கவில்லை. கடைசியில் நிறுவனமே வாக்கெடுப்பு வைத்தது. பத்தில் ஒன்பது பேர் பழையபடி வேண்டும் என்றார்கள். 2011 பிப்ரவரி 1 அன்று கட்டற்ற பரிமாற்றம் திரும்பி வந்தது.

இன்றைய ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் வேறு வழியில் போகிறது. புது இலவசக் கணக்குக்கு மட்டும்தான் வரம்பு. 20 மணி நேரம் ஆடி, மொத்த லெவல் 100 சேர்த்து, 10 குவெஸ்ட் (கதைப் பணி) புள்ளி பெற்றால் அது தானாக விலகும். சந்தா கட்டினால் உடனே விலகும். மனிதருக்கு அந்த 20 மணி நேரம் விளையாட்டு. பாட் நடத்துகிறவனுக்கு ஒவ்வொரு கணக்குக்கும் 20 மணி நேரச் செலவு. என் பார்வையில் இதுவரை வந்த பூட்டுகளில் நியாயமானது இந்த வகைதான்.

நான்கு சாவிகள்

பூட்டு எதைக் காக்கிறது என்பது ஒரு பக்கம். அது எந்தச் சாவிக்குத் திறக்கிறது என்பது மறுபக்கம். யார் வெளியே நிற்கப் போகிறார்கள் என்பதை இதுதான் முடிவு செய்கிறது.

நேரம். மேலே பார்த்தோம். பள்ளி மாணவனிடம் பணம் இல்லாவிட்டாலும் விடுமுறை உண்டு.

பணம். கவுண்டர்-ஸ்டிரைக் 2018 டிசம்பரில் இலவசமானபோது, ‘பிரைம்’ என்ற மேல்நிலைத் தகுதியை வாங்கலாம் அல்லது ஆடி ஆடி லெவல் 21 எட்டிப் பெறலாம் என்று இரண்டு வழி வைத்தார்கள். அந்த இரண்டாவது வழியில் ஏமாற்றுக்காரர்களும் கணக்கு வளர்த்து வந்தார்கள் என்பதால் 2021 ஜூனில் அதை அடைத்துவிட்டார்கள். அதன்பின் பணம் மட்டுமே வழி. அமெரிக்க விலை 14.99 டாலர். இங்கே எனக்கு உறுத்துவது விலை அல்ல. பணம் கட்டியவர் ஒரு குளத்தில், கட்டாதவர் இன்னொரு குளத்தில் என்று பிரிக்கும்போது, பணம் இல்லாத நேர்மையான சிறுவன் எல்லா ஏமாற்றுக்காரர்களோடும் ஒரே குளத்தில் விடப்படுகிறான். பூட்டு யாரிடமிருந்து காப்பாற்ற வந்ததோ அவர்களிடமே அவனை ஒப்படைக்கிறது.

தொலைபேசி எண். காசில்லாத சாவி என்று தோன்றும். நம் நாட்டில் பிரிபெய்ட் எண்ணையும் அடையாள ஆவணம் காட்டிப் பதிந்தே வாங்குகிறோம். ஆனாலும் ஓவர்வாட்ச் 2, 2022 அக்டோபரில் வெளிவந்தபோது சில வகை பிரிபெய்ட் எண்களை ஏற்கவில்லை. பிரிபெய்ட் எண்களே அதிகம் புழங்கும் மலேசியாவுக்கு அது பொருந்தாத விதி. எதிர்ப்பு எழுந்ததும் பழைய ஆட்டக்காரர்கள் பலருக்கு அந்த நிபந்தனையைத் தளர்த்தினார்கள். இன்னொரு சிக்கல் குடும்பத்துக்குள் வருகிறது. டோட்டா 2-இல் ஓர் எண்ணை ஒரு நேரத்தில் ஒரு கணக்கோடுதான் இணைக்கலாம். செந்தூல் அடுக்குமாடி வீட்டில் அம்மாவின் எண்ணை அக்காள் இணைத்துவிட்டால் தம்பிக்கு ரேங்க் ஆட்டம் இல்லை. ஏமாற்றுக்காரனைக் குறிவைத்த விதி, இரண்டு பிள்ளைகளும் ஒரு கைப்பேசியும் இருக்கும் வீட்டில் வந்து விழுகிறது.

வயது. இது புதிய சாவி. ரோப்லாக்ஸ் என்ற விளையாட்டுத் தளம் 2025 நவம்பரில், அரட்டை வேண்டுமானால் வயதைச் சரிபார்க்க வேண்டும் என்று அறிவித்தது. முகத்தைக் கேமராவில் காட்டியோ அடையாள ஆவணம் மூலமோ அது நடக்கும். பெற்றோர் மனத்தில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: இந்தப் பூட்டைப் பணத்தால் திறக்க முடியாது. அரட்டை போய்விட்டது, ரோபக்ஸ் (ரோப்லாக்ஸின் பணம்) வாங்கினால் வந்துவிடும் என்று பிள்ளை சொன்னால் அது நடக்காது.

வாயைக் கட்டினால்

எல்லாப் பூட்டுகளிலும் எனக்கு அதிகக் கவலை தருவது பேச்சுப் பூட்டு. டீம் ஃபோர்ட்ரஸ் 2 இதைக் காட்டுகிறது. 2011-இல் இலவசமான இந்த விளையாட்டை 2020-இல் பாட்கள் ஆக்கிரமித்து, அரட்டையில் இனவெறிச் சொற்களைக் கொட்டின. வால்வ் புது இலவசக் கணக்குகளின் எழுத்து, குரல் அரட்டை இரண்டையும் அடைத்தது. அரட்டை ஓரளவு சுத்தமானது. ஆனால் பாட்கள் போகவில்லை, பேசாமல் சுட்டுக்கொண்டிருந்தன. 2022-இல் ஆட்டக்காரர்கள் இணையத்தில் பெரிய எதிர்ப்பு இயக்கமே நடத்த வேண்டி வந்தது. இடையில் வந்த புதியவர்கள் ‘எப்படி ஆடுவது’ என்று கேட்கவும் வழியில்லாமல் நின்றார்கள்.

குழுவாக ஆடும் விளையாட்டில் பேச்சு அலங்காரம் இல்லை, அது ஆட்டத்தின் பாதி. தெரியாதவருக்குத் தனிச்செய்தி அனுப்புவதைத் தடுப்பது சரி. தன் குழுவுக்குள் பேசுவதையும் தடுத்தால் அந்தக் கணக்கை ஆட்டத்துக்குள் விட்டதற்கே பொருளில்லை. ஃபைனல் ஃபேன்டஸி இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்திருக்கிறது: குழுவுக்குள் பேச்சு உண்டு, ஊர் கேட்கக் கூவத் தடை. மற்றவர்களாலும் அது முடியும்.

ரிங்கிட் செலவழிக்கும் முன்

1. பூட்டின் காரணத்தைப் படியுங்கள். ‘லெவல் போதாது’ என்றால் ஆடினாலே திறக்கும். ‘வரம்புக்குட்பட்ட கணக்கு’ என்றால் பணம் வேண்டும். ‘வயது’ என்றால் பணம் உதவாது.

2. ஸ்டீமில் 5 டாலர் என்பது ஸ்டீம் கடைக்குள் செலவழித்த அல்லது வாலட்டில் ஏற்றிய தொகை. வெளிக் கடையில் வாங்கிய விளையாட்டுக் குறியீட்டைப் போட்டாலோ, நண்பர் விளையாட்டைப் பரிசளித்தாலோ அது கணக்கில் சேராது. அப்புறம், டாலர் மதிப்பைத்தான் பார்ப்பார்கள். ஒரு டாலர் 4 ரிங்கிட்டுக்கு மேல் இருக்கும் நாளில் 20 ரிங்கிட் ஏற்றினால் 5 டாலர் ஆகாது. சில ரிங்கிட் கூடுதலாக ஏற்ற வேண்டும்.

3. வெளிநாட்டு எண்ணியல் சேவைகளுக்கு 2020 ஜனவரி 1 முதல் இங்கே சேவை வரி உண்டு. 6 விழுக்காடாகத் தொடங்கியது 2024 மார்ச் 1 முதல் 8 விழுக்காடு. காட்டும் விலையில் வரி சேர்ந்திருக்கிறதா என்று பணம் கட்டும் பக்கத்தில் பாருங்கள்.

4. ‘திறந்த கணக்கு’ என்று மலிவாக விற்பவரிடம் வாங்காதீர்கள். முதல் மின்னஞ்சலும் வாங்கிய ரசீதும் விற்றவரிடமே இருக்கும். நிறுவனத்திடம் காட்டி எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பிடித்துக்கொள்வார். கணக்கை விற்பதே ஸ்டீம் போன்ற தளங்களில் விதிமீறல், எனவே முறையிடவும் இடம் இருக்காது.

5. மலேசியாவில் ஒப்பந்தத்துக்கான வயது 18. பிள்ளையின் கணக்கைப் பெற்றோரின் மின்னஞ்சலில் திறந்து, பெற்றோரின் கையில் உள்ள இ-வாலட்டிலிருந்தே பணம் கட்டுவது நல்லது. கணக்கு பறிபோனால் மீட்கப் போகிறவரும் அவர்தான்.

6. திரும்பி வர வழி இருக்கிறதா என்று பாருங்கள். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் சந்தாவை நிறுத்தினாலும் லெவல் 20 வரையான பாத்திரங்களை இலவசமாக ஆடலாம். ஃபைனல் ஃபேன்டஸி 14-இல் அப்படி இல்லை. சோதனைக் கணக்கை முழு விளையாட்டாக மாற்றிவிட்டால் அந்தக் கணக்கு மறுபடி சோதனைக் கணக்காக மாறாது. விளையாட்டோடு வரும் 30 நாள் முடிந்ததும் மாதச் சந்தா கட்டாவிட்டால், அதுவரை இலவசமாக ஆடிவந்த அதே பாத்திரத்தைக்கூடத் திறக்க முடியாது. விளையாட்டுக்குள் இருக்கும் சந்தைக்காகவோ தனிச்செய்திக்காகவோ மட்டும் மாறலாம் என்று நினைப்பவர், விளையாட்டின் விலையோடு ஒவ்வொரு மாதச் சந்தாவையும் வரியையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும்.